முதலில் கோழி, பிறகுதான் டிராகன்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை முதன்முதலாகத் திறப்பவர்களுக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் வரும். மனிதர்கள் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிய பொம்மைகளைப் போல் நடப்பார்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியாது. மரம் வெட்டினால் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். பின்னணி இசை அந்தக் காலத்துக் கைப்பேசியின் அழைப்பு மணியை நினைவூட்டும். ஆனாலும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த விளையாட்டுக்குள் இருப்பது சாதாரணம். பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பள்ளி மாணவர்களாக இதை விளையாடி, இப்போது பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து உட்காருபவர்களும் இருக்கிறார்கள்.

நீங்கள் புதிதாகத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளை ஏற்கெனவே தொடங்கிவிட்டான் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எந்தக் கவசம் அழகு என்பது பற்றி இங்கே பேச்சில்லை. இந்த விளையாட்டின் அடியில் மூன்று கணக்குகள் ஓடுகின்றன. அவை தெரியாமல் இறங்கினாலும் உங்கள் பணம் போகாது, ஏனெனில் இலவசமாகவே விளையாடலாம். போவது நேரம். மாதக்கணக்கில் போகும்.

சேமிப்பில் கிடைத்த உலகம்

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் இங்கிலாந்தில் பிறந்தது. ஆண்ட்ரூ கோவர் என்ற இளைஞர் தம் சகோதரர்களின் துணையோடு உருவாக்கியது அது. பிறகு கேம்பிரிட்ஜ் நகரின் ஜாகெக்ஸ் நிறுவனம் அதை நடத்தத் தொடங்கியது. அன்று அது இணைய உலாவியிலேயே ஓடியது. எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை என்பதால் பள்ளிக் கணினிக்கூடங்களில்கூடப் பரவியது.

2012 நவம்பரில் நிறுவனம் சண்டை முறையை அடியோடு மாற்றியது. பழைய ஆட்டக்காரர்கள் பலர் மனம் வெறுத்து வெளியேறினார்கள். அப்போதுதான் 2007 ஆகஸ்டு மாதத்து விளையாட்டின் முழுப் பிரதி ஒன்று நிறுவனத்தின் சேமிப்பில் பத்திரமாக இருப்பது தெரியவந்தது. அதைத் திரும்பத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 450,000 வாக்குகள் விழுந்தன. 2013 பிப்ரவரி 22ஆம் தேதி பழைய உலகம் மீண்டும் திறந்தது. ‘ஓல்ட் ஸ்கூல்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அன்று தொடங்கிய வாக்களிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் பொதுவாக ஆட்டக்காரர்களிடம் கேட்பார்கள். முன்பு 75 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும்; இப்போது 70 விழுக்காடு. நிறுவனங்கள் தங்கள் விருப்பத்துக்கு விளையாட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் இந்தக் காலத்தில் இது அரிய பழக்கம் என்றே சொல்ல வேண்டும். 2018 அக்டோபரிலிருந்து கைப்பேசியிலும் இது வருகிறது. கணினியில் விட்ட இடத்திலிருந்து கைப்பேசியில் தொடரலாம்.

0.6 விநாடிக்கு ஒரு ரயில்

முதல் கணக்கு நேரம் பற்றியது. இந்த உலகத்தின் கடிகாரம் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பையும் ‘டிக்’ என்பார்கள். நீங்கள் நடந்தால் ஒரு டிக்கில் ஒரு கட்டம். ஓடினால் இரண்டு கட்டம். வாள் வீச்சு, மரவெட்டு, மீன்பிடிப்பு எல்லாம் டிக் கணக்கில்தான் நடக்கும். இரண்டு டிக்குகளுக்கு நடுவில் உலகத்தில் எதுவுமே நடப்பதில்லை. திரையில் நீங்கள் காணும் வழுவழுப்பான ஓட்டம், இடைவெளியை நிரப்ப உங்கள் கணினி வரைந்து காட்டுவது.

எல்ஆர்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு நீங்கள் ஓடி வந்தாலும் நடந்து வந்தாலும், அடுத்த ரயில் வரும்போதுதான் ஏறமுடியும். நீங்கள் தட்டும் கட்டளையும் அப்படித்தான் சர்வரில் போய்க் காத்திருந்து அடுத்த டிக்கில் ஏறும்.

நம் ஊரில் விளையாடுபவர்களுக்கு இது ஒரு வகையில் வரம். கோலாலம்பூரிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 10,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். எனவே எவ்வளவு விலையுயர்ந்த இணையச் சேவை வைத்திருந்தாலும், ஒரு செய்தி லண்டன் போய்த் திரும்ப 0.1 விநாடிக்குக் குறையாது. கடலடிக் கம்பிகள் சுற்றிவளைத்துப் போவதால் நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இந்தத் தாமதம் உங்களைக் கொன்றுவிடும். இங்கே அப்படியில்லை. 0.6 விநாடிக்கு ஒரு ரயில் என்றால், 0.1 விநாடி பிந்தி வருபவரும் பெரும்பாலும் அதே ரயிலைப் பிடித்துவிடுவார். இருந்தாலும் நுழையும் முன் ‘உலகங்கள்’ பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு நாட்டுக் கொடி இருக்கும். நமக்கு அருகிலுள்ள நாட்டின் கொடியைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் இன்னும் இலகுவாக இருக்கும்.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் வீண் வேலை ஒன்று உண்டு. மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு, மரம் சீக்கிரம் விழட்டும் என்று விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மரவெட்டில் 4 டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 விநாடிக்கு ஒருமுறைதான் சர்வர் பகடை உருட்டுகிறது. பகடை உங்கள் பக்கம் விழுந்தால் ஒரு கட்டை கிடைக்கும். நீங்கள் பத்து முறை தட்டினாலும் பகடை பத்து முறை உருளாது. ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மணிக்கட்டாவது பிழைக்கும். ‘நானே தட்டித் தருகிறேன்’ என்று சொல்லும் தானியங்கி மென்பொருள்களின் பக்கம் போகவே வேண்டாம். கணக்கை நிரந்தரமாக முடக்கிவிடுவார்கள்.

ஆயுதம் வாங்குவதற்கும் இதே கணக்குதான். வளைந்த வாளான சிமிட்டர் 4 டிக்குக்கு ஓர் அடி அடிக்கும். நீள்வாளுக்கு 5 டிக். இரு கைகளால் தூக்கும் பெரிய வாளுக்கு 7 டிக். நிமிடத்துக்கு முறையே 25, 20, 14 அடிகள். பெரிய வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பது பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் சிமிட்டரே போதும். அல் காரிட் நகரில் அதற்கென்றே ஒரு கடை இருக்கிறது.

ஏழு கோழி, பத்து லட்சம் கோழி

பயிற்சித் தீவில் அரை மணி நேரம் கழித்த பிறகு உங்களை லம்பிரிட்ஜ் என்ற சிறிய ஊரில் இறக்கிவிடுவார்கள். ஒரு கோட்டை, ஓர் ஆறு, ஒரு தேவாலயம். ஆற்றுக்கு அப்பால் கோழிப் பண்ணை. அங்கேதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நீங்களும் அங்கே தொடங்குங்கள்.

ஒரு கோழிக்கு 3 உயிர்ப்புள்ளிகள். நீங்கள் ஏற்படுத்தும் ஒவ்வொரு புள்ளிச் சேதத்துக்கும் 4 அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். ஆக, ஒரு கோழி 12 புள்ளி. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போக 83 புள்ளிகள் வேண்டும். ஏழு கோழி அடித்தால் திரையில் வாணவேடிக்கை வெடிக்கும், வாழ்த்துச் செய்தி வரும். ஐந்து நிமிடத்தில் மனம் குளிர்ந்துவிடும்.

இங்கேதான் இரண்டாவது கணக்கு ஒளிந்திருக்கிறது. திறன் ஒவ்வொன்றிலும் உச்ச நிலை 99. ஏழு நிலைக்கு ஒருமுறை, அடுத்த நிலைக்குத் தேவையான புள்ளிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்படி வாய்ப்பாடு எழுதியிருக்கிறார்கள். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் தானியத்தை இரட்டிப்பாக்கிய கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதே சூழ்ச்சிதான், கொஞ்சம் மெதுவாக நடக்கிறது. கோழிக் கணக்கிலேயே பார்ப்போம். 20ஆம் நிலைக்கு 373 கோழி. 40ஆம் நிலைக்கு 3,102. 50ஆம் நிலைக்கு 8,445. 99ஆம் நிலைக்கு 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். கோழியாகச் சொன்னால் 1,086,203.

இன்னும் ஒன்று. அந்த 13 மில்லியனில் பாதியை நீங்கள் எட்டுவது எந்த நிலையில் தெரியுமா? 49 அல்ல, 50 அல்ல. 92ஆம் நிலையில்! அதன் கணக்கு 6,517,253 புள்ளிகள். 92ஐத் தொட்டவர் மலையில் பாதிதான் ஏறியிருக்கிறார். ‘92 என்பது 99இன் பாதி’ என்று ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வது இதனால்தான். கேட்பதற்கு வேடிக்கை. 92இல் இருப்பவருக்கு அவ்வளவு வேடிக்கையாக இருக்காது.

நிலை உயர உயர நீங்கள் புள்ளி சேர்க்கும் வேகமும் உயரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோழியை விட்டு ஹில் ஜயண்ட் எனப்படும் குன்றத்து அரக்கர்களிடம் போனால், ஒருவரிடமே 35 உயிர்ப்புள்ளி; 140 அனுபவப் புள்ளி. ஏறக்குறைய 12 கோழிக்குச் சமம். அதனால் யாரும் பத்து லட்சம் கோழி அடிப்பதில்லை. ஆனாலும் வேகம் உயர்வதைவிடத் தேவை உயர்வது அதிகம். மணிக்கு 30,000 புள்ளி சேர்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் தொடக்கத்திலிருந்து 50ஆம் நிலைக்கு மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவார். 70ஆம் நிலைக்கு 25 மணி நேரம். 99க்கு 434 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஏழு மாதத்துக்கு மேல். அதுவும் ஒரு திறனுக்கு மட்டும். இந்த விளையாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட திறன்கள் உள்ளன.

ஆகவே முதல் நாளே ‘99 எடுக்கப்போகிறேன்’ என்று சபதம் போடாதீர்கள். வாள், கவசம், புதிய இடங்கள் என்று பெரும்பாலான கதவுகள் 40க்கும் 70க்கும் இடையிலேயே திறந்துவிடுகின்றன. இலவச ஆட்டக்காரர்களுக்கு 40 ஒரு நல்ல இலக்கு. ரூன் உலோகத்தில் செய்த ஆயுதமும் கவசமும் அந்த நிலையில்தான் கைக்கு வரும்.

கதைகளை முதலில் முடியுங்கள்

கோழி அடித்துக்கொண்டே இருப்பதைவிடப் பலமடங்கு நல்ல வழி குவெஸ்ட் எனப்படும் கதைப் பணிகள். லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையலறையில் ஒரு சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். பிரபுவின் பிறந்த நாளுக்குக் கேக் செய்ய முட்டை, பால், மாவு மூன்றும் இல்லை. முட்டையைக் கோழிப் பண்ணையில் பொறுக்கலாம். பாலுக்கு வாளியோடு மாட்டிடம் போக வேண்டும். மாவுக்குத்தான் வேலை அதிகம். வயலில் கோதுமையைப் பறித்து, ஆலையின் உச்சி மாடிக்கு ஏறி, அதைக் கொட்டி, விசையை இழுத்துவிட்டு, மறுபடி கீழே இறங்கிவந்து பாத்திரத்தில் அள்ள வேண்டும். சின்னப் பிள்ளை வேலை போல இருக்கும். ஆனால் பொருள் எங்கே கிடைக்கும், எப்படி மாறும், யாரிடம் கேட்க வேண்டும் என்ற பாடம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. முடித்தால் 300 சமையல் புள்ளி. ஒரே தாவலில் நான்காம் நிலை.

டோரிக் என்ற குள்ளருக்குக் களிமண்ணும் தாதுக்களும் கொண்டுபோய்க் கொடுத்தால் 1,300 சுரங்கப் புள்ளி, பத்தாம் நிலை. டிரேய்னர் கிராமத்து மாளிகையின் அடித்தளத்தில் உறங்கும் இரத்தக்காட்டேரியை முடித்தால் 4,825 தாக்குதல் புள்ளி. கோழிக் கணக்கில் 402. ஒரே குவெஸ்டில் 20ஆம் நிலை. அங்கே போகும்போது பூண்டு எடுத்துச் செல்லுங்கள், காட்டேரியின் பலம் குறையும். சமைத்த மீனும் நிறைய வேண்டும். சண்டைக்கு நடுவில் மீனைத் தின்றால் உங்கள் அடுத்த அடி சற்றுத் தாமதமாகும் என்பதால், சாகும் தறுவாய் வரை காத்திருக்கவும் கூடாது, சின்னக் கீறலுக்கெல்லாம் தின்றுகொண்டிருக்கவும் கூடாது.

குவெஸ்டுகளைத் தொடக்கத்திலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் எளிது. புள்ளிகள் மிக மெதுவாகச் சேரும் காலம் தொடக்கக் காலம்தான். அப்போது கிடைக்கும் மொத்தப் புள்ளி உங்களுக்குப் பல மணி நேரத்தை மிச்சமாக்கும். 80ஆம் நிலையில் இருப்பவருக்கு அதே 4,825 புள்ளி ஒரு தேநீர் குடிக்கும் நேரத்து வேலை.

இலவச குவெஸ்டுகள் எல்லாம் முடியும்வரை மாதச் சந்தா கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. சந்தாவுக்குரிய உலகம் மிகப் பெரியதுதான். ஆனால் சிறிய உலகம் பிடிக்காதவருக்குப் பெரிய உலகமும் பிடிக்காது.

128இல் ஒன்று என்றால் என்ன?

மூன்றாவது கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நேற்று ஆடத் தொடங்கியவரும் ஏமாறுகிறார், பத்தாண்டு ஆடியவரும் ஏமாறுகிறார்.

முன்பு சொன்ன ஹில் ஜயண்டுகளிடம் ஒரு பெரிய சாவி கிடைக்கும். அதைக் கொண்டு ஓபர் என்ற அவர்களின் தலைவனுடைய குகையைத் திறக்கலாம். சாவி விழும் வாய்ப்பு 128இல் 1. உடனே நம் மனம் என்ன கணக்குப் போடுகிறது? 128 அரக்கர்களை வீழ்த்தினால் சாவி வந்துவிடும் என்று. வராது. வரலாம், ஆனால் உறுதியில்லை.

ஒருவரிடம் சாவி கிடைக்காமல் போகும் வாய்ப்பு 128இல் 127. இதை 128 முறை பெருக்கிப் பாருங்கள். விடை சுமார் 0.37. அதாவது 100 பேர் ஆளுக்கு 128 அரக்கர்களை வீழ்த்தினால், அவர்களில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். இரு மடங்காக 256 வீழ்த்திய பிறகும் 13 பேருக்குக் கிடைத்திருக்காது. பத்தில் ஒன்பது பேருக்காவது கிடைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு 294 வரை போக வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் 200 அரக்கர்களை வீழ்த்திவிட்டீர்கள், சாவி இல்லை. ‘இவ்வளவு நேரம் ஆகிவிட்டது, இனி வந்தே தீரும்’ என்று தோன்றும். இல்லை. 201ஆவது அரக்கரிடமும் அதே 128இல் 1தான். சர்வர் பகடை உருட்டும்போது உங்கள் 200 தோல்விகள் அதற்கு நினைவிருக்காது. சூதாடிகளின் பிழை என்று கணிதவியலார் இதைச் சொல்வார்கள். நான்கு நம்பர் எண்களைத் தாளில் எழுதி வைத்து ‘இந்த எண் ரொம்ப நாளாக வரவில்லை’ என்று பார்ப்பவர்களின் மனமும் இங்கேதான் சிக்கியிருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. விசையைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்த புறாக்களைவிட, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி அவ்வப்போது தீனி கிடைத்த புறாக்கள் விடாப்பிடியாகக் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் நீண்ட நேரம் கொத்தின. ‘இன்னும் ஒரே ஓர் அரக்கன், பிறகு தூங்கிவிடுகிறேன்’ என்று இரவு ஒரு மணிக்குச் சொல்லும் குரல் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. சாவிக்காகப் போகாதீர்கள். அங்கே வலிமை நிலையை உயர்த்தப் போங்கள். 294 அரக்கர்கள் என்றால் 41,160 அனுபவப் புள்ளி. 40ஆம் நிலையைத் தாண்டிவிடுவீர்கள். அவர்களின் எலும்புகளைப் புதைத்தால் பிரார்த்தனைத் திறனும் உயரும். சாவி கிடைத்தால் அது மேலதிகம். எண்ணிக்கையைக்கூட முன்பே முடிவு செய்துகொள்ளலாம். ‘இன்று 50 பேர்’ என்று உட்கார்ந்தால், 50ஆவது ஆள் விழுந்ததும் எழுந்துவிடுங்கள்.

சந்தையும் திருடர்களும்

வாரோக் நகரின் வடமேற்கில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தை இருக்கிறது. பங்குச் சந்தை போலவே இயங்கும். வாங்க நினைப்பவர் ஒரு விலை சொல்வார், விற்க நினைப்பவர் ஒரு விலை சொல்வார், பொருந்தினால் வியாபாரம் முடிந்துவிடும். கோழி இறகு, மாட்டுத்தோல், எலும்பு என்று நீங்கள் குப்பையென்று தூக்கிப்போடும் பொருளையெல்லாம் யாராவது வாங்குவார்கள். ஊர்க் கடையில் கொண்டுபோய் அடிமாட்டு விலைக்கு விற்காதீர்கள். புதிய இலவசக் கணக்குகளுக்குச் சில வியாபாரக் கட்டுப்பாடுகள் உண்டு. 20 மணி நேர ஆட்டம், 10 குவெஸ்ட் புள்ளி, மொத்த நிலை 100 ஆகிய மூன்றையும் எட்டினால் அவை நீங்கும். தானியங்கிக் கணக்குகளைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

இந்தத் தங்கக் காசுக்கு வெளியுலகிலும் விலை இருக்கிறது. வெனிசுவேலாவின் நாணயம் மதிப்பிழந்து கிடந்த ஆண்டுகளில், அந்நாட்டவர் பலர் இந்த விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த பொருளை விற்று, அந்தத் தங்கத்தை வெளிநாட்டவரிடம் டாலருக்கு மாற்றி வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். உலகப் பத்திரிகைகளில் வந்த செய்தி இது. விதிப்படி தவறுதான். ஆனால் அதைப் படித்த பிறகு, திரையில் எதிரே நிற்கும் அட்டைப்பெட்டிப் பொம்மையை வெறும் பொம்மையாக நினைக்க முடியவில்லை.

விலை இருக்கும் இடத்தில் திருடர்களும் இருப்பார்கள். அவர்களின் வித்தைகள் அதிகம் மாறுவதில்லை. ‘உன் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்’ என்பார் ஒருவர். சிறிய தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்கித் தந்து நம்பிக்கை வளர்த்து, பெரிய தொகையோடு மறைந்துவிடுவார். ‘உன் கவசத்துக்குத் தங்க விளிம்பு கட்டித் தருகிறேன்’ என்பார் இன்னொருவர். கவசத்துக்கு விளிம்பு கட்டும் திறனே இந்த விளையாட்டில் கிடையாது. ‘வடக்கே வா, புதையல் காட்டுகிறேன்’ என்பார் மூன்றாமவர். வடக்கே வனாந்தரம் என்ற பகுதி. அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்லலாம், கொன்றவர் உடைமைகளை எடுத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் செத்தால் விலையுயர்ந்த மூன்று பொருள்கள் உங்களிடமே இருக்கும், மீதியை 15 நிமிடத்துக்குள் கல்லறைக்குத் திரும்பிவந்து எடுத்துக்கொள்ளலாம். வனாந்தரத்தில் அந்தச் சலுகை இல்லை. அதன் எல்லையில் ஒரு பள்ளம் இருக்கும். அதைத் தாண்டும் முன் கையிலிருப்பதையெல்லாம் வங்கியில் போட்டுவிடுங்கள்.

விளையாட்டுக்கு வெளியே நடப்பது இதைவிட மோசம். பிரபல ஆட்டக்காரரின் பெயரில் போலி நேரலை ஓடும். ‘நான் விளையாட்டை விட்டுப் போகிறேன், என் சொத்தை எல்லாருக்கும் தருகிறேன், இந்த இணைப்பில் உள்நுழையுங்கள்’ என்று அழைக்கும். உள்நுழைந்தால் உங்கள் கடவுச்சொல் அவர்கள் கையில். எனவே முதல் நாளே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, கைப்பேசிச் செயலி தரும் ஆறு இலக்கக் குறியீட்டுடன் கூடிய இரட்டைச் சரிபார்ப்பு. இரண்டு, வங்கிக்கு நான்கு இலக்க பின் எண். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் உண்டு என்பது உண்மை. ஆனால் எண்களைத் திரையில் இடம் மாற்றி மாற்றிக் காட்டுவதால், விசைப்பலகையை ஒட்டுக்கேட்கும் மென்பொருளால் அதைப் பிடிக்க முடியாது. யாராவது பின் எண்ணை நீக்க முயன்றாலும் சில நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோரின் மின்னஞ்சலில் பதிவுசெய்வது நல்லது. பெற்றோரின் கடன்பற்று அட்டையை அதில் பதிந்து வைப்பது நல்லதல்ல.

எப்போது நிறுத்துவது

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மணிக்கணக்கை மட்டும் வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. கட்டுப்பாடு தளர்வது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முன்னுக்கு வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றையும் பார்க்கிறார்கள், அதுவும் வழக்கமாக 12 மாத காலத்துக்கு. தேர்வு விடுமுறையில் நான்கு நாள் கண்விழித்து ஆடிய பிள்ளையை உடனே நோயாளி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தூக்கமும் பள்ளியும் நண்பர்களும் ஒவ்வொன்றாக விலகிப்போனால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த இடத்தில் பழைய விளையாட்டுக்கு ஒரு நற்சான்று தர வேண்டும். இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் பல, ஒரு நாள் வராவிட்டால் பரிசு போய்விடும் என்று மிரட்டுகின்றன. இங்கே அந்த வேலை இல்லை. வங்கியில் வைத்த காசு வங்கியில் இருக்கும், 43ஆம் நிலை 43ஆகவே இருக்கும். மூன்று மாதம் தேர்வுக்குப் படித்துவிட்டு வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

முதல் சில வாரங்களுக்கு ஒரு திசை வேண்டுமென்றால் டிராகனை வைத்துக்கொள்ளுங்கள். கிராண்டோர் என்ற தீவில் எல்வார்க் என்ற பச்சை டிராகன் வாழ்கிறது. அதைக் கொல்லும் குவெஸ்டைத் தொடங்க 32 குவெஸ்ட் புள்ளிகள் தேவை. சந்தா இல்லாமலே அதைச் சேர்த்துவிடலாம், ஆனால் இலவச குவெஸ்டுகளில் பெரும்பகுதியை முடித்திருக்க வேண்டும். முடித்தால்தான் ரூன் மார்புக்கவசத்தை அணியும் உரிமை கிடைக்கும். 40ஆம் நிலைத் தாக்குதல், வலிமை, தற்காப்பு, ஒரு ரூன் சிமிட்டர், பை நிறைய மீன் ஆகியவற்றோடு போனால் நல்லது. உங்கள் பையில் 28 இடங்கள்தான் உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நெருப்பைத் தடுக்கும் கேடயம் முக்கியம். அது இல்லாவிட்டால் எல்வார்க்கின் மூச்சு உங்களை ஓரிரு முறையிலேயே சாம்பலாக்கிவிடும். அதைச் சந்தையில் தேட வேண்டாம். குவெஸ்டைத் தொடங்கிய பிறகு லம்பிரிட்ஜ் கோட்டைக்குத் திரும்பிப் போங்கள். முதல் நாள் முட்டையும் மாவும் கொண்டுபோய்க் கொடுத்தீர்களே, அந்தச் சமையலறைக்கு மேல்மாடியில் பிரபு ஹொரேஷியோ நின்றுகொண்டிருப்பார். கேட்டால் காசு வாங்காமல் கொடுப்பார். தொலைத்துவிட்டு வந்து கேட்டாலும் இன்னொன்று கொடுப்பார்.